வாதி ஷாப், ஓமன்: நடை, நீச்சல், குகை அருவி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஸ்கட்டிலிருந்து சூர் போகும் கடலோர நெடுஞ்சாலையில், திவி என்ற ஊரை ஒட்டி மலையைப் பிளந்துகொண்டு கடலுக்கு வருகிறது வாதி ஷாப். வாதி என்றால் அரபியில் மலையிடுக்கு ஓடை. படகில் ஒரு நிமிடம், காலால் முக்கால் மணி நேரம், பிறகு தண்ணீரில் நீந்தி ஒரு குகை. மஸ்கட்டின் ருவி பகுதியிலோ துபாயிலோ வேலை செய்யும் நண்பர்கள் படம் அனுப்பி, "அடுத்த வெள்ளிக்கிழமை போகலாமா?" என்று கேட்கும் இடம் இதுதான். போகலாம். போவதற்கு முன்னால் கேட்கவேண்டியவை கீழே.

எவ்வளவு தூரம்? எந்த வண்டி வேண்டும்?

மஸ்கட் நகரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரம். சூரிலிருந்து அரைமணிக்குக் கொஞ்சம் கூட. பாதை முழுக்கத் தார்ச்சாலை, சாதாரண செடான் காரே போதும். மலைப்பாதை என்று பயந்து ஃபோர் வீல் டிரைவ் வாடகைக்கு எடுப்பது வீண்செலவு. பெட்ரோலை மஸ்கட்டிலோ வழியில் வரும் குரியாத் ஊரிலோ நிரப்பிக்கொள்ளுங்கள். சொந்த வண்டி, வாடகை வண்டி, சுற்றுலா வேன் இவற்றில் ஒன்றுதான் வழி. பஸ்ஸை நம்பிப் போனால் திரும்பும்போது தவிக்க நேரும்.

துபாயிலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம். மஸ்கட் வரவே 450 கிலோமீட்டர், நடுவில் எல்லைச் சாவடி, அதற்குமேல் இந்த இரண்டு மணி நேரம். முதல் நாள் இரவு மஸ்கட்டிலோ சூரிலோ தங்குவது நல்லது. அமீரக வண்டிக்கு ஓமனில் செல்லும் காப்பீடு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

படகு எதற்கு? எவ்வளவு கேட்பார்கள்?

வண்டி நிறுத்துமிடம் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியிலேயே இருக்கிறது. எதிரே தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாண்டினால்தான் நடைபாதை. உள்ளூர்க்காரர்கள் சின்ன மோட்டார் படகில் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். போகவர ஆளுக்கு 1 ரியால் என்பதுதான் நீண்ட நாள் வழக்கம். மாறியிருக்கலாம் என்பதால் சில்லறையைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். கார்டு வேண்டாம், நோட்டாகக் கொடுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று: "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" அக்கரையில் இறங்கும்போதே படகுக்காரரிடம் கேளுங்கள். பொதுவாக மாலை 5 மணியை ஒட்டி நிறுத்திவிடுவார்கள். ரமலான் மாதத்தில் முன்னதாகவே முடியலாம். அதைத் தவறவிட்டால் இருட்டில், கையில் பையோடு, தண்ணீரில் இறங்கித்தான் வண்டிக்குப் போகவேண்டும்.

எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணிக்கு?

அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. மே முதல் செப்டம்பர் வரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பாறைச்சுவர் இரண்டு பக்கமும் அந்தச் சூட்டை வாங்கித் திருப்பி அடிக்கும். தண்ணீர் இருக்கிறதே என்று கோடையில் கிளம்புகிறவர்கள் மயங்குவது தண்ணீருக்குப் போகும் வழியில் அல்ல, குளித்துத் தெம்பிழந்து திரும்பும் வழியில்.

ஓமனில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அந்த இரண்டு நாளும் பத்து மணிக்கு மேல் படகுக்கே வரிசை நிற்கும், குகை வாயிலிலும் வரிசை நிற்கும். வேறு நாள் கிடைத்தால் அதையே எடுங்கள். வெள்ளிதான் முடியும் என்றால் ருவியிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்புங்கள். எட்டு மணிக்குப் படகு, ஒன்பது மணிக்குள் நீச்சல் மடு, பத்து பத்தரைக்குக் குகை பார்த்து முடித்து, கூட்டம் எதிரே வரும்போது நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கலாம். தண்ணீரின் பச்சையும் நீலமும் நேர்வெயில் விழும் நேரத்தில்தான் முழுசாகத் தெரியும் என்பது உண்மை. படத்துக்காக வருகிறவர்கள் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு உச்சிநேரத்தில் வருகிறார்கள், அது அவரவர் விருப்பம்.

நடை கடினமா?

இல்லை. ஒரு பக்கம் இரண்டரை கிலோமீட்டர் போல இருக்கும். சாதாரண வேகத்தில் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

முதல் பகுதி பேரீச்சை, வாழைத் தோட்டங்களை ஒட்டிய சமமான பாதை. பக்கத்திலேயே ஃபலஜ் ஓடும். தோட்டத்துக்கு நீர் கொண்டுபோகும் பழைய வாய்க்கால் அது. அதன் விளிம்பில் நடக்கலாம், ஆனால் கால் கழுவுவது, சோப்பு போடுவது கூடாது. யாரோ ஒருவருடைய பயிருக்குப் போகும் தண்ணீர். நடுப்பகுதியில் கூழாங்கல்லும் உருண்டைப் பாறைகளும் வரும். ஓரிரு இடங்களில் கணுக்கால் அளவு நீரைக் கடக்கவேண்டும். அதன்பிறகு பாறைச்சுவரை ஒட்டிய குறுகலான விளிம்புகள். கீழே மடு, மேலே சரிவு. கைப்பிடி கிடையாது. அகலம் போதும், ஆனால் செல்ஃபி எடுக்க நிற்கும் இடம் அதுவல்ல.

விழுகிறவர்கள் பெரும்பாலும் இந்த விளிம்பில் விழுவதில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்து வழுவழுப்பாக்கிய வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில்தான் வழுக்குகிறது, அதுவும் திரும்பும்போது, ஈரச் செருப்போடு. காய்ந்த பாறையில்கூட அந்தப் பளபளப்பைக் கண்டால் அடியைக் குறுக்கி வையுங்கள்.

என்ன செருப்பு, என்ன பை?

ரப்பர் ஸ்லிப்பர் வேண்டாம். அடிப்பாகத்தில் பிடிமானமுள்ள, விரலை மூடும் வாட்டர் ஷூ ஒன்றே போதும்; அதிலேயே நடக்கலாம், அதிலேயே நீந்தலாம். ஸ்போர்ட்ஸ் ஷூவில் நடந்து, மடுவில் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குகிறவர்கள், மடுவுக்கும் மடுவுக்கும் நடுவே பாசி படிந்த கற்களில் தத்தித் தத்திப் போவதைப் பார்க்கலாம்.

குடிதண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். ஏப்ரல், அக்டோபர் என்றால் 3. பாதையில் எங்கும் கடை இல்லை, வாதித் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட், பேரீச்சம்பழம், பிஸ்கட், ஒரு துண்டு, தொப்பி. புளிசாதப் பொட்டலம் வண்டியிலேயே இருக்கட்டும்; வயிறு நிறைய உண்டுவிட்டு நீந்துவது சரிப்படாது, குப்பையையும் திருப்பித் தூக்கி வரவேண்டும்.

பெரிய பையைக் கடைசி நடைபாதை முடியும் இடத்தில், பாறைமேல் வைத்துவிட்டுத்தான் எல்லோரும் நீந்தப் போகிறார்கள். பொதுவாக யாரும் தொடமாட்டார்கள் என்றாலும் பணமும் ரெசிடென்ட் கார்டும் உங்களோடு வரட்டும். இரண்டு பேருக்கு 10 லிட்டர் டிரை பேக் (நீர் புகாத பை) ஒன்று போதும். வாயை மூன்று முறையாவது மடித்துப் பூட்டுங்கள். ஒரு மடிப்போடு விட்டால் நீர் புகும். போனை அதற்குள் இன்னொரு ஜிப் பவுச்சில் போடுங்கள்.

கார்ச் சாவியை மறந்துவிடாதீர்கள். இப்போதைய சாவிகளுக்குள் மின்சுற்று இருக்கிறது. கால்சட்டைப் பையில் வைத்தபடி நீந்தினால் திரும்பி வந்து கதவு திறக்காமல் நிற்கவேண்டியதுதான். நீந்தாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதே மேல். தாலிச்சங்கிலி, மோதிரம், கண்ணாடி மூன்றும் குகை இடுக்கில் கழன்று போகக்கூடியவை. கண்ணாடிக்குப் பின்பட்டி போடுங்கள், நகையை வீட்டிலோ ஹோட்டலிலோ வைத்துவிடுங்கள்.

நீச்சல் தெரியாது. போகலாமா?

நடைபாதை முடியும் வரை தாராளமாகப் போகலாம். முதல் மடுவின் ஓரத்தில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்து குளிக்கலாம், சின்ன மீன்கள் வந்து காலைக் கொத்தும். அதற்காகவே வந்தாலும் பயணம் வீணில்லை.

அதற்குமேல் போவதற்கு நீச்சல் வேண்டும். மூன்று நான்கு மடுக்கள் அடுத்தடுத்து வருகின்றன. சில இடத்தில் நடக்கலாம், சில இடத்தில் கால் எட்டாது. எது எங்கே என்பது ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மாறும், ஏனென்றால் அடியில் கிடக்கும் சரளைக்கல் இடம்பெயர்கிறது. "போன வருஷம் நெஞ்சளவுதான் இருந்தது" என்று நண்பர் சொன்னதை வைத்து இறங்காதீர்கள். போக மட்டும் இருபது நிமிடம் ஆகும், திரும்ப அதே இருபது நிமிடம். குளத்தில் ஒரு முறை நீந்திக் கரையேறத் தெரிந்தால் போதாது. நடுவில் நின்று இளைப்பாறாமல் 50 மீட்டர் நிதானமாக நீந்த முடிகிறவர்கள் போகலாம் என்பது எங்கள் அளவுகோல்.

லைஃப் ஜாக்கெட் இருந்தால்? மடுக்களைக் கடக்க நல்ல துணை. அளவுக்குப் பொருந்தியதை, கொக்கிகளைப் பூட்டி அணியுங்கள். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் கையோடு கொண்டுபோங்கள். காற்றடைத்த டியூபும் குழந்தைகளின் கைப்பட்டையும் லைஃப் ஜாக்கெட் ஆகாது. "நான் பிடித்துக்கொள்கிறேன், வா" என்று நீந்தத் தெரிந்தவர் தெரியாதவரை இழுத்துப்போவது எல்லாவற்றையும் விட மோசம். பயந்தவர் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

குகைக்குள் எப்படி நுழைவது?

கடைசி மடுவின் முடிவில் இரண்டு பாறைகள் ஏறக்குறைய ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு தலை நுழையும் அளவுக்கே இடைவெளி. நீருக்கு அடியில் கொஞ்சம் அகலம். சில மீட்டர் நீளம். அதைத் தாண்டினால் மேலே ஒரு பிளவு வழியாக வெளிச்சம் விழும் அறை, ஒரு மூலையில் அருவி.

நுழையும்போது அவசரம் வேண்டாம். முகவாயை உயர்த்தி, முகத்தைச் சற்றுத் திருப்பி, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டே மெல்லப் போங்கள். காலை உதைக்காதீர்கள், பின்னால் வருகிறவர் முகத்தில் படும், முட்டி பாறையில் இடிக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். வெளியே வருகிறவர்களுக்கு வழிவிட்டு, உள்ளே குரல் கொடுத்துக் கேட்டுவிட்டு நுழையுங்கள். உள்ளேயும் கால் எட்டாது என்று நினைத்துக்கொண்டே போங்கள். பிடித்து நிற்கப் பாறை விளிம்பு உண்டு.

லைஃப் ஜாக்கெட்டோடு இந்த இடுக்கில் போவது சிரமம். ஜாக்கெட் உடலை மேலே தூக்கும், இடுக்கோ மேலே போகப் போகக் குறுகும். மார்பு சிக்கியதும் பதற்றம் வரும். ஜாக்கெட் இல்லாமல் நீந்த முடியாதவர்கள் இடுக்கின் முன்னால் நின்றுகொள்வதே சரி. மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுகிறவர்களுக்கும் இதே பதில்.

நீர்மட்டம் உயர்ந்து இடைவெளி முழுக்க நிறைந்திருந்தால்? திரும்பிவிடுங்கள். மூழ்கி அடியால் போகிற ஆட்களைப் பார்ப்பீர்கள். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், எங்கே தலை தூக்கலாம் என்று தெரியாமல் முதல் முறை வருகிறவர் செய்யக்கூடிய காரியம் அல்ல.

அருவியில் கயிறு இருக்கிறதே, ஏறிக் குதிக்கலாமா?

பலர் குதிக்கிறார்கள். கயிற்றை யாரும் சோதித்துப் பராமரிப்பதாக நினைக்காதீர்கள்; இழுத்துப் பார்க்காமல் முழு எடையையும் அதில் போடவேண்டாம். பாறை பாசியால் வழுக்கும். பாதி ஏறியபின் கை நழுவினால் விழும் இடம் தண்ணீராக இருக்கும் என்ற உறுதி கிடையாது.

2012இல் ரெட் புல் கிளிஃப் டைவிங் உலகத் தொடரின் போட்டி இங்கே நடந்தது. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது அளந்து பார்த்த ஆழம், தண்ணீரில் காத்திருந்த மீட்பு ஆட்கள், வருஷக்கணக்கான பயிற்சி. நீங்கள் குதிக்க விரும்பும் இடத்தில் முதலில் இறங்கி, மூழ்கி, அடியைத் தொட்டுப் பாருங்கள். தலைகீழாக எங்கும் பாயவேண்டாம்.

மழை, வெள்ளம் பற்றி இவ்வளவு எச்சரிக்கிறார்களே, ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டு மழை அனுபவம் இங்கே கைகொடுக்காது. நம் மலைகளில் காடும் மண்ணும் மழையை உறிஞ்சி மெல்ல விடும். இந்த வாதி இறங்கிவரும் கிழக்கு ஹஜர் மலையில் மரமும் மண்ணும் அரிது, பெரும்பாலும் வெறும் பாறைச்சரிவு. விழுந்த மழை அப்படியே வழிந்து ஓடைக்கு வருகிறது. ஓடைகள் சேர்ந்து இந்த ஒரே இடுக்கில் கொட்டுகின்றன. மலையுச்சியில் பெய்த மழை, வானம் நீலமாக இருக்கும்போதே கீழே வெள்ளமாக வரலாம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளால் மழை. கோடையில் பிற்பகல் இடிமழை மலைமேல் திரளும். மே–ஜூன், அக்டோபர்–நவம்பர் புயல் காலம். 2007 ஜூனில் வந்த கோனு புயல் இந்தக் கடற்கரையைப் புரட்டிப் போட்டது. 2024 ஏப்ரலில் பெய்த மழையில், புயலே இல்லாமல், ஓமனில் பலர் வாதி வெள்ளத்தில் உயிரிழந்தார்கள்.

ஆகவே கிளம்பும் நாளுக்கு முந்தின இரவும் அன்று காலையும் ஓமன் வானிலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். திவிக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஹஜர் மலைக்கும் பாருங்கள். மழை என்றிருந்தால் போகாதீர்கள். படகை நிறுத்திவிட்டார்கள் என்றால் அவர்களோடு வாதாடாதீர்கள்; அந்த வாதியைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

உள்ளே இருக்கும்போது தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, நீர்மட்டம் கண்முன்னே ஏறினாலோ, இரைச்சல் கேட்டாலோ யோசிக்க நேரமில்லை. பக்கத்தில் உள்ள உயரமான பாறைக்கு உடனே ஏறுங்கள். வாசலை நோக்கி ஓடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். வெள்ளம் உங்களைவிட வேகமாக ஓடும். பையை விடுங்கள். ஏறிய இடத்திலேயே நீர் வடியும் வரை இருங்கள், மணிக்கணக்கானாலும் சரி. அவசர எண் 9999. ஆனால் இடுக்குக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. அதனால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது முக்கியம்.

வண்டி நிற்பதும் வாதியின் வாயில்தான் என்பதை மறக்கவேண்டாம். சாலையில் வாதி ஓடிக்கொண்டிருந்தால் வண்டியை அதற்குள் இறக்குவது ஆபத்து மட்டுமல்ல, ஓமன் சட்டப்படி குற்றமும்.

குழந்தைகள், பெரியவர்கள்?

ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மடு வரை நடந்துவிடுவார்கள். கைக்குழந்தையை முன்னால் கட்டும் கேரியரில் கொண்டுபோகலாம், தள்ளுவண்டி முதல் வளைவைத் தாண்டாது. குகைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம். முட்டிவலி உள்ள அப்பா அம்மாவுக்குத் தோட்டத்தை ஒட்டிய சமதளப் பகுதியே போதுமான காட்சி. பெரியவர்கள் அங்கே நிழலில் இருக்க, மற்றவர்கள் மாறி மாறிப் போய்வரலாம். கழிப்பறை வண்டி நிறுத்துமிடத்தில் மட்டுமே.

என்ன உடை போடலாம்?

இது சுற்றுலா விடுதியின் நீச்சல்குளம் இல்லை, ஊர் மக்கள் குடும்பத்தோடு வரும் இடம். ஆண்கள் முட்டி மறையும் ஷார்ட்ஸும் டீ ஷர்ட்டும். பெண்கள் லெக்கிங்ஸும் நீளக்கை டீ ஷர்ட்டும். வெயிலுக்கும் பாறைச் சிராய்ப்புக்கும் அதுவே நல்லது. பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், அதோடு நீந்தக்கூடாது. மது கூடாது. உள்ளூர்ப் பெண்களைப் படமெடுக்கக் கூடாது. ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும்.

மழையே அபூர்வம் என்றால் ஆண்டு முழுக்கத் தண்ணீர் எப்படி?

மேலே இருப்பது சல்மா மேட்டுநிலம், முழுக்கச் சுண்ணாம்புக்கல். உலகின் மிகப் பெரிய குகை அறைகளில் ஒன்றான மஜ்லிஸ் அல் ஜின் அந்த மேட்டில்தான் இருக்கிறது. சரிவில் வழிந்தோடாமல் விரிசல்களில் இறங்கும் கொஞ்ச மழை, கல்லைக் கரைத்துக்கொண்டே உள்ளே தங்கி, வாதியின் அடியில் ஊற்றாகக் கசிகிறது. நீரின் பச்சைநீலமும் பாறையின் வெள்ளையும் அந்தச் சுண்ணாம்பின் வேலைதான்.

போய்ப் பார்த்தால் படகு இல்லை, மூடிவிட்டார்கள். நாள் வீணா?

மழை காரணமாக மூடியிருந்தால் பக்கத்து வாதி திவிக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் அதே மழைதான். வேறு காரணம் என்றால், மஸ்கட் பக்கம் திரும்பும் வழியில் பிம்மா பள்ளம் இருக்கிறது, தண்ணீர் நிறைந்த பெரிய பாறைக்குழி: படிக்கட்டில் இறங்கிக் குளிக்கலாம், கட்டணமில்லை. சூர் பக்கம் போனால் கல்ஹாத். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக நகரம். பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கப்பலேறிய துறைமுகங்களில் ஒன்று. பீபி மரியம் கல்லறைக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ஆனால் இடிபாடுகளுக்குள் எப்போதும் விடுவதில்லை. இரவு தங்க முடிந்தால் சூருக்கு அப்பால் ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமைகள் முட்டையிட வரும். அதற்கு இருட்டும் முன்பதிவும் வேண்டும்.